தசை இறுகும் குதிரைக்கு ஓட்ஸ் வேண்டாம்

அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைகளிலும் பெல்ஜிய வண்டிக் குதிரைகளிலும் பி.எஸ்.எஸ்.எம்.-1 என்ற பரம்பரைத் தசைக் கோளாறு அதிகம். தசையில் சர்க்கரை அளவுக்கு மீறிச் சேர்வதால், கொஞ்சம் ஓடியதுமே வியர்த்துக் கொட்டி, பின்தொடை கட்டைபோல் இறுகிவிடும்.

ஓட்ஸ், மக்காச்சோளம், வெல்லப்பாகு கலந்த தீவனம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 12 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்புல்தான் முக்கிய உணவு. பரிசோதிக்க வழியில்லையா? புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரை ஓரளவு கரைந்து போகும். அப்புறம், மெலிந்த குதிரைக்கு மட்டும் எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம், கூடவே வைட்டமின் ஈ. கொழுத்த குதிரைக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். தீவனத்தை மாற்றிவிட்டுக் கொட்டிலிலேயே கட்டிப்போட்டால் பலன் பாதிதான், தினமும் நடத்துங்கள்.