காலாளில் தொடங்கி செஸ் பழகுவோம்

மார்கழி விடுமுறையில் மட்டக்களப்பில் மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளை வெளியே விட வழியில்லை. சில நேரம் கரண்டும் போய்விடும். செஸ் பழக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஆனால் முதல் நாளே 32 காய்களையும் பரப்பி, எல்லா நகர்வையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். பிள்ளை எழும்பிப் போய்விடும்.

முதலில் போர்டு. இருவருக்கும் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டும்.

அடுத்து, காலாள் மட்டும். இரண்டாம் வரிசையில் ஆளுக்கு எட்டு. நேரே ஒரு கட்டம் போகும். அந்தக் காலாளின் முதல் நகர்வென்றால் இரண்டும் போகலாம். வெட்டுவது மட்டும் மூலைவாட்டில் ஒரு கட்டம். நேருக்கு நேர் முட்டி நிற்கிற காலாள்கள் ஒன்றையொன்று வெட்ட முடியாது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் அவசரப்படாமல் விளையாட விடுங்கள். மறுமுனையை முதலில் தொட்டவர் வென்றார். (முழு ஆட்டத்தில் அந்தக் காலாள் ராணியாக மாறலாம்.)

அது கைவந்தபிறகு மற்றக் காய்கள். கோட்டை நேராகவும் பிஷப் மூலைவாட்டிலும் போகும். ராணிக்கு இரண்டும் உண்டு. ராஜா எந்தப் பக்கமும் ஒரு கட்டம். குதிரை நேரே இரண்டு, பக்கவாட்டில் ஒன்று. இடையில் எது நின்றாலும் தாண்டிவிடும். குதிரையைப் போர்டின் நடுவில் வைத்து எத்தனை கட்டத்துக்குப் போகும் என்று எண்ணச் சொல்லுங்கள்: எட்டு. மூலையில் வைத்தால் இரண்டுதான். குதிரையை ஏன் ஓரத்தில் விடக்கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

அடுக்கும்போது வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்பில். ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் சேர்த்து நகர்த்துகிற காஸ்லிங்கை ஒரு கிழமை தள்ளிப் போடலாம்.

ராஜாவை வெட்ட ஒரு காய் குறிவைப்பதுதான் செக். செக் வைத்தால் ராஜாவை நகர்த்தலாம், செக் வைத்த காயை வெட்டலாம், அல்லது இடையில் ஒரு காயை வைத்து மறிக்கலாம். மூன்றும் முடியாவிட்டால் செக்மேட், ஆட்டம் தோல்வி. செக் இல்லாமலே நகர்த்த ஒரு நகர்வும் இல்லையென்றால் ஆட்டம் சமநிலை.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பதை வீட்டிலும் கடைப்பிடியுங்கள். போட்டியில் நடுவர் விடமாட்டார்.

பாடசாலையில் யாராவது நாலு நகர்வில் மேட் போட வருவார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் மதிப்பில்லை, ஆனாலும் தடுக்கத் தெரியவேண்டும். இரு பக்கமும் ராஜாவுக்கு முன்னாலுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளியாயிற்று. வெள்ளை ராணி உங்கள் ராஜா பக்க ஓரத்துக்கு வருகிறது. முதலில் ராணி பக்கக் குதிரையை நடுவை நோக்கி எடுத்து அந்தக் காலாளைக் காப்பாற்றுங்கள். பிஷப்பும் குறிவைத்து வந்தபின் ராஜா பக்கக் குதிரையின் முன்னாலுள்ள காலாளை ஒரு கட்டம் தள்ளுங்கள். ராணி விலகித்தான் ஆகவேண்டும். வரிசையை மாற்றி அந்தக் காலாளை முதலில் தள்ளினால், வெள்ளை ராணி நடுக் காலாளை வெட்டி செக் வைத்து, அடுத்த நகர்வில் உங்கள் கோட்டையையும் எடுத்துவிடும்.