ஒரே டேபிள், ஒரே வேலை: சம்பள வித்தியாசத்தைக் கேட்பது எப்படி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். முன்பு இருந்த கம்பெனியில் பேக்கிங் டேபிளின் இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பெண்கள், எதிர்ப்பக்கம் மூன்று ஆண்கள். மடிப்பது, அட்டை வைப்பது, பாலிபேக்கில் போடுவது, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் ஐந்து பேருக்கும் ஒன்றுதான். ஆனால் ஷிப்டுக்கு அவர்களுக்கு 110 ரூபாய் கூடுதல். 26 ஷிப்டுக்கு 2,860 ரூபாய். எங்கள் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல்.

இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு இருந்தால் முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். எங்கள் சீட்டில் ‘ஹெல்பர்’ என்று இருந்தது, அவர்கள் சீட்டில் ‘பேக்கிங்’. வித்தியாசத்தை அந்த ஒரு வார்த்தைக்குள்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். மூன்று மாதச் சீட்டுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எதிர்ப்பக்கத்துச் சீட்டு ஒன்றும் வேண்டும். எனக்குக் கொடுத்த அண்ணன், “எம் பேரு வெளிய வராம பாத்துக்க கண்ணு” என்றார். இன்றுவரை வரவில்லை.

அடுத்தது நோட்டு. இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். சூப்பர்வைசரிடம் கேட்டபோது, “ஆம்பளைங்க கார்ட்டன் தூக்குறாங்கம்மா” என்றார். சரி என்று ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். கார்ட்டன் தூக்கி அடுக்குவது நாளுக்கு ஏறக்குறைய 25 நிமிடம். அந்த நேரத்தில் நாங்கள் சும்மா நிற்கவில்லை. டேப் ஒட்டி, சைஸும் எண்ணிக்கையும் எழுதியது நாங்கள்தான். ‘எம்’ பெட்டியில் ‘எல்’ போய்விட்டால் திட்டு வாங்குவதும் நாங்கள்தான். அதையும் எழுதினேன், ஏனென்றால் ஆண், பெண் வேலை ஒன்றுதானா என்று முடிவு செய்யத் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு, வேலை செய்யும் சூழல் ஆகியவற்றைத்தான் சட்டம் பார்க்கிறது. நடைமுறையில் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாத சின்ன வித்தியாசம் இருந்தாலும் அதை ஒரே தன்மையுள்ள வேலையாகத்தான் அது எடுத்துக்கொள்கிறது. 1976 சம ஊதியச் சட்டத்திலேயே இது இருந்தது. இப்போது அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது.

யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். வேலை வேறாக இருந்தாலும் மதிப்பு சமமானால் சம ஊதியம் என்கிற உலகத் தொழிலாளர் அமைப்பின் 100-வது உடன்படிக்கையை இந்தியா 1958-இலேயே ஏற்றது. ஆனால் நம் சட்டம் ‘ஒரே வேலை அல்லது ஒரே தன்மையுள்ள வேலை’ என்பதோடு நின்றுவிடுகிறது. நாள் முழுக்கக் கண்ணைப் போட்டுச் செய்கிற செக்கிங் வேலை அயர்ன் வேலைக்கு எதில் குறைந்தது? எனக்கு இது பெரிய ஆதங்கம். இருந்தாலும் மனு போடும்போது உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான வேலையையே காட்டுங்கள்.

அப்புறம் கடிதம். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது கையெழுத்துப் போடுங்கள். ஒரு பக்கம் போதும். பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். “கம்பெனி நஷ்டத்தில் ஓடுது”, “ஒப்பந்தத்துலயே இப்படித்தான் இருக்கு” என்பார்கள். மெக்கின்னன் மெக்கன்சி என்கிற கம்பெனியின் வழக்கில் ஆண் ஸ்டெனோக்களைவிடப் பெண் ஸ்டெனோக்களுக்குக் குறைவாகக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1987-இல் விசாரித்தபோது, இந்த இரண்டு சாக்கையுமே ஏற்கவில்லை. “அப்ப அவங்க சம்பளத்தைக் குறைச்சிடறோம்” என்றும் எங்களிடம் சொன்னார்கள். டேபிளில் சண்டை மூட்டுகிற பேச்சு அது. சமப்படுத்துவதற்காக யாருடைய சம்பளத்தையும் குறைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை அந்த மூன்று அண்ணன்களிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம். நீங்களே மனு போடலாம், சங்கமும் போடலாம். பாக்கித் தொகையைக் கேட்க மூன்று வருடம் வரை நேரம் உண்டு. சம்பளம் குறைத்துக் கொடுத்ததாக மனு போனால், சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான்.

நாங்கள் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. கடிதம் கொடுத்த மூன்றாவது மாதம் எங்கள் சீட்டிலும் ‘பேக்கிங்’ என்று வந்தது. ஆனால் 110 ரூபாயை ‘படி’ (அலவன்ஸ்) என்று தனியாகப் போட்டிருந்தார்கள், பி.எஃப். பிடித்தம் பழையபடியே இருந்தது. அதனால் உயர்ந்த முதல் மாதச் சீட்டை வரிவரியாகப் படியுங்கள். நாங்கள் அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லி இரண்டாவது கடிதம் கொடுத்தோம்.