மருதம்பட்டை உரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மகாவலிக் கரையில் இரண்டு இளைஞர்கள் மருந்துக்காக மருதம்பட்டை உரிப்பதைக் கண்டபோது, 30 ஆண்டுகளுக்கு முன் பதுளையிலிருந்து மகியங்கனைக்கு இறங்கி, அதே கரையில் கத்தியோடு நின்ற என்னையே பார்ப்பது போலிருந்தது. சிங்களத்தில் கும்புக் எனப்படும் இம்மரத்தின் காய்க்கு ஐந்து இறக்கைகள் உண்டு என்பதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. மரத்தையே அடையாளம் தெரியாதவர் கத்தியை எடுக்காதிருப்பது நல்லது.

மரத்தைச் சுற்றி உரிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. அடிமரத்துப் பட்டை தடிப்பாக இருக்கிறது, கைக்கும் எட்டுகிறது என்று ஒரு முழ உயரத்துக்கு வளையமாக உரித்தெடுத்தேன். வேர் உறிஞ்சும் நீரை மேலே ஏற்றுவது உள்ளேயுள்ள கட்டை. அதற்குச் சேதமில்லாததால் இலைகள் பச்சையாகவே நின்றன, நானும் துணிந்து அடுத்த மரத்துக்குப் போனேன். ஆனால் இலை ஆக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி உட்பட்டையில் இருக்கிறது. அது சுற்றிலும் அறுந்துவிட்டால், வேர் தன்னிடமுள்ள சேமிப்பைத் தின்று தீர்த்துப் பட்டினியில் சாகும். கொப்புகள் காய்வது அதற்குப் பிறகுதான். அதற்குள் உரித்தவர் தன் வேலையை மறந்துவிடுவதால், பூச்சி விழுந்துவிட்டது என்பார். நானும் அப்படித்தான் சொன்னேன். உடன் வந்த பெரியவர் என் கையைப் பிடித்து, பட்ட மரத்திலிருந்த வளையத்தின் மேல் வைத்து, "பூச்சி இதுதான் தம்பி" என்றார்.

ஆற்றங்கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது மருதின் வேர். அடுத்த வெள்ளத்தில் அந்த இடத்துக் கரையும் சரிந்தது.

முற்றிய மரத்தில், ஒரு பக்கம் மட்டும், நெடுக்காக ஒடுங்கிய கீற்றாக, கட்டையில் கத்தி படாமல் எடுங்கள்; காயம் மூடும்வரை அம்மரத்தை மறுபடி தொடாதீர்கள்.

ஈரத்தோடு மூட்டை கட்டுவது

கீழே ஆற்றங்கரை வெயிலில் பட்டையைக் காய வைக்காமல் மேலே மலைக்குக் கொண்டுவந்தால், நமது பதுளைப் பனிமூட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வளைத்தால் முறியும் பதம் வர வேண்டும்.

இரும்புச் சட்டி

வேண்டாம். பட்டையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும்.

பால் கசாயத்தை அவசரமாக இறக்குவது

பட்டை 1 பங்கு, பால் 8 பங்கு, நீர் 32 பங்கு என்பது பழைய அளவு. நீர் முழுவதும் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை சிறுதீயில் காய்ச்ச வேண்டும். விறகை மிச்சம் பிடிப்பவர்கள் பாதியிலேயே வடிகட்டிவிட்டு, பட்டையில் சத்தில்லை என்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்துவது

இருதயத்துக்கு மருதம்பட்டை கொடுப்பது நெடுநாள் வழக்கம்தான். அதற்காக டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டை குடிப்பதையும் அவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி என்றால் கசாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.