பிம் மாதிரியிலிருந்து அளவெடுப்பது எப்படி: ஓர் அறையை வைத்துத் தொடங்குவோம்

எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், அளவு என்ற ஐந்து கட்டங்களை நிரப்பித்தான் நம்மில் பெரும்பாலோர் மதிப்பீட்டுத் தொழிலைக் கற்றோம். கட்டடக் கலைஞர் ஒரு சன்னலின் அகலத்தை மாற்றினால், செங்கல் கட்டு, பூச்சு, லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குத் தாங்கி), வண்ணம் என நான்கு இடங்களில் தாளைத் திருத்த வேண்டியிருந்தது. ஓரிடத்தை மறந்துவிட்டால் அது பில் போடும் நாளில்தான் தெரியவரும். பிம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரி இந்த உழைப்பில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டது. அங்கே சுவர் வெறும் இரண்டு கோடுகளாக இருப்பதில்லை. தன் நீளம், உயரம், தடிமன், பொருள், எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்ற எல்லாத் தகவலையும் அது தன்னிடமே வைத்திருப்பதால், சன்னலை மாற்றிய மறுகணமே செங்கல் கட்டின் கன அளவும் மாறிவிடுகிறது. பிரிட்டன் அரசு 2016 ஏப்ரல் முதல் தன் மத்திய அரசுக் கட்டுமானத் திட்டங்களுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கியதற்கு, செலவைக் கட்டுக்குள் வைக்கும் நோக்கமும் ஒரு காரணம்.

இனி அளவெடுப்பவருக்கு என்ன வேலை என்ற அச்சத்தை மாணவர்களிடம் அடிக்கடி காண்கிறேன். வேலை இருக்கிறது, முன்பைவிடப் பொறுப்பான வேலையாகவே இருக்கிறது. மாதிரி தருவது வடிவத்தின் அளவு. நாம் பணம் கொடுப்பதும் பெறுவதும் ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர நெறியின் அளவீட்டு விதிப்படி. இவ்விரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அந்த இடைவெளி எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரே ஓர் அறையைக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கையால் கணக்கிட்டு வையுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இந்த அறையைத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளளவு 4.00 மீட்டருக்கு 3.00 மீட்டர், சுவர்த் தடிமன் 23 செ.மீ.; உயரம் 3.00 மீட்டர். ஒரு கதவு 1.00 × 2.10, ஒரு சன்னல் 1.50 × 1.20, ஒரு வென்டிலேட்டர் 0.60 × 0.60. லிண்டல் 15 செ.மீ. உயரம், ஒவ்வொரு திறப்புக்கும் இருபுறமும் 15 செ.மீ. தாங்கல்.

சுவர்த் தடிமனின் நடுவே ஓடும் மையக்கோட்டின் நீளம் 14.92 மீட்டர் என்பதால், திறப்புகளைக் கழிக்காத சுவரின் கன அளவு 10.295 கன மீட்டர். மூன்று திறப்புகளின் மொத்தப் பரப்பு 4.26 சதுர மீட்டர், அதற்குரிய 0.980 கன மீட்டரைக் கழித்தால் 9.315. லிண்டல்களின் மொத்த நீளம் 4.00 மீட்டர், கன அளவு 0.138. அதையும் கழித்தால் செங்கல் கட்டு 9.177 கன மீட்டர். இந்த எண்ணைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள், மாதிரியைச் சோதிக்க நமக்கு இதுவே உரைகல்.

இரண்டாம் படி: அறையை மாதிரியில் எழுப்பி, பிழை தேடுங்கள்

பிம் மாதிரிகளை உருவாக்கும் ரெவிட் மென்பொருளில் இந்த அறையை வரையுங்கள். அது கிடைக்காதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் போன்சாய் என்ற இணைப்பைச் சேர்த்துப் பழகலாம். சுவர் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் 23 செ.மீ. செங்கல், இருபுறமும் 12 மி.மீ. பூச்சு என மூன்று அடுக்குகளாக அமையுங்கள். ஒரே அடுக்காக வரையப்பட்ட சுவரில் பூச்சு என்ற பொருளே இருக்காது, அதனால் அட்டவணையிலும் வராது.

அடுத்து, பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இரட்டைக் கணக்கு வருகிறதா என்று பாருங்கள். லிண்டலை வைத்தவுடன் அதற்குரிய இடம் சுவரிலிருந்து தானாக வெட்டுப்பட்டுவிடும் என்று நம்ப வேண்டாம். ‘ஜாயின் ஜியோமெட்ரி’ கட்டளையால் இணைத்த பிறகே வெட்டுப்படும். அட்டவணை 9.177 என்று காட்டாமல் 9.315 என்று காட்டினால், லிண்டல் இருக்கும் இடத்துக்கும் செங்கல் விலையைச் சேர்த்துக் கொடுக்கப்போகிறீர்கள் என்று பொருள். பீமும் (உத்திரமும்) ஸ்லாபும் (கான்கிரீட் தளமும்) சேரும் இடத்தில் இது இன்னும் பெரிதாகும். 23 × 45 செ.மீ. பீமின் மேற்பகுதிக்குள் 12.5 செ.மீ. ஸ்லாப் புகுந்திருந்து இரண்டும் இணைக்கப்படாமல் விடப்பட்டால், பத்து மீட்டர் பீமுக்கு 0.29 கன மீட்டர் கான்கிரீட் இருமுறை எண்ணப்படும். பீமின் ஆழத்தை ஸ்லாபின் அடிமட்டத்திலிருந்து அளக்கும் நம் வழக்கமே இந்த இரட்டைக் கணக்கைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்டதுதான்.

மூன்றாம் படி: அட்டவணையை எடுங்கள்

இது எளிது. ‘வியூ’ பகுதியில் ‘ஷெட்யூல்ஸ்’ என்பதைத் திறந்து, ‘மெட்டீரியல் டேக்-ஆஃப்’ என்பதில் சுவர்களைத் தேர்ந்தெடுங்கள். பொருளின் பெயர், பரப்பு, கன அளவு, சுவர் எந்தத் தளத்திலிருந்து தொடங்குகிறது என்ற நான்கு புலங்கள் போதும். சாதாரணச் சுவர் அட்டவணையில் வரும் ‘ஏரியா’ ஒரு முகத்தின் பரப்பை மட்டுமே குறிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அதையே இரு முகங்களின் பூச்சு அளவாக எடுத்துக்கொண்டு மதிப்பீட்டைப் பாதியாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிற நிறுவனத்திலிருந்து ஐ.எஃப்.சி. கோப்பாக (வெவ்வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவில்) மாதிரி வந்தால், அதில் அடிப்படை அளவுகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு சுவருக்கும் திறப்பைக் கழிக்காத அளவும் கழித்த அளவும் தனித்தனியே கிடைக்கும். அடுத்த படிக்கு இரண்டும் தேவை.

நான்காம் படி: வடிவ அளவை விதியளவாக மாற்றுங்கள்

இந்தத் தொழிலின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

நம் அறையின் உட்புறப் பூச்சு திறப்புகளைக் கழிக்காமல் 42.00 சதுர மீட்டர், வெளிப்புறம் 47.52; இரண்டும் சேர்ந்து 89.52. மாதிரி ஒவ்வொரு திறப்பையும் இரு முகங்களிலும் வெட்டிவிடும். எனவே 8.52 கழிந்து, அட்டவணையில் 81.00-க்கு மிக நெருங்கிய எண் வரும். மூலைகளில் பூச்சின் தடிமன் சேர்வதால் சிறு வேறுபாடு இருக்கலாம்.

ஐ.எஸ். 1200-இன் 12-ஆம் பகுதி வேறுவிதமாகச் சொல்கிறது. 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. 0.5-க்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு முகங்களிலும் ஒரே வகைப் பூச்சாக இருந்தால், ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரு முகங்களுக்கும் கழித்துவிட்டு, திறப்பின் பக்கவாட்டு, மேல், கீழ்ப் பூச்சைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். இந்த விதி காரணமில்லாமல் ஏற்பட்டதன்று. சன்னலின் உள்விளிம்பைக் கொத்தனார் மட்டப்பலகையை வைத்து முனை பிடித்துப் பூசும் நேரம், அதே பரப்புள்ள வெறும் சுவரைப் பூசும் நேரத்தைவிட அதிகம். ஒவ்வொரு விளிம்பையும் கட்டுமான இடத்தில் அளந்து எழுதுவதற்குப் பதிலாக, கழிக்காமல் விடும் பரப்பினாலேயே அந்த உழைப்புக்கு ஈடு செய்கிறார்கள்.

நம் அறையில் வென்டிலேட்டர் 0.36 என்பதால் கழிவில்லை. கதவு 2.10, சன்னல் 1.80, இவை ஒரு முகத்துக்கு மட்டும், ஆக 3.90. பில்லுக்குரிய பூச்சு 85.62 சதுர மீட்டர். மாதிரி காட்டியதைவிட இது 4.62 அதிகம், கட்டுமான இடத்துக் கணக்கில் ஏறத்தாழ 50 சதுர அடி. இதே போன்ற நூறு அறைகள் கொண்ட ஒரு விடுதியில் 462 சதுர மீட்டர் பூச்சு மதிப்பீட்டில் இல்லாமலே போய்விடும். மாதிரியின் எண்ணை அப்படியே பட்டியலில் வைத்தால் நட்டம் ஒப்பந்ததாரருக்கு. அவர் மூலம் அது மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் வந்து சேரும். அதனால்தான் இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இந்த விதியை ஒருமுறை சூத்திரமாக எழுதிவிட்டால் போதும். கதவு, சன்னல் அட்டவணைகளில் ஒரு கணக்கீட்டுப் புலம் சேர்த்து, ‘இஃப்’ நிபந்தனையால் பரப்பை 0.5, 3 என்ற எல்லைகளோடு ஒப்பிடச் செய்யுங்கள். எல்லை எண்களை அலகோடு எழுத வேண்டும், இல்லையேல் அலகுகள் பொருந்தவில்லை என்ற பிழைச்செய்தி வரும். முதல்முறை எழுதும் எல்லோரும் இங்கே தடுமாறுவார்கள்.

சூத்திரத்தின் பயன் வடிவமைப்பு மாறும்போது தெரியும். 1.20 மீட்டர் உயரச் சன்னலின் அகலத்தை 2.40 ஆக்கினால் பரப்பு 2.88, இன்னும் ஒரு முகக் கழிவுதான். அதையே 2.70 ஆக்கினால் 3.24 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். கழிவு 6.48 ஆகும், கூடவே சன்னல் சட்டகம் மறைக்கும் பகுதி போக விளிம்புப் பூச்சைச் சேர்க்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் மாற்றத்தில் கணக்கின் முறையே மாறும் இந்த இடத்தைக் கண் எளிதில் தவறவிடும், சூத்திரம் விடாது.

ஐந்தாம் படி: மாதிரியில் இல்லாதவற்றை எழுதுங்கள்

சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் அச்சுப் பலகை), சாரம், அடித்தளக் குழியில் ஆள் நின்று வேலை செய்யத் தேவையான கூடுதல் அகலம், நீராற்றல் (கட்டிய பகுதியை ஈரமாக வைத்திருத்தல்) ஆகியவை முடிந்த கட்டடத்தில் இல்லை. அதனால் பெரும்பாலான மாதிரிகளிலும் இல்லை. ஆனால் செலவில் உண்டு. சென்ட்ரிங் பரப்பை பீம், தூண், ஸ்லாப் ஆகியவற்றின் முகப் பரப்புகளிலிருந்து வருவித்துக்கொள்ள வேண்டும். கம்பியும் ஆரம்ப மாதிரிகளில் வரையப்பட்டிருக்காது. வரையப்பட்டிருந்தால், நீளத்தோடு விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்த எடையைப் பெருக்கிச் சரிபாருங்கள், 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ.

ஆறாம் படி: விலையோடு இணையுங்கள்

ஒவ்வொரு சுவர் வகைக்கும், அட்டவணையில் தெரியும் ஒரு புலத்தில், விலை விகிதப் பட்டியலின் உருப்படி எண்ணைக் குறித்துவிடுங்கள். பொதுப்பணித் துறையினர் ‘டேட்டா’ என்று அழைக்கும் விலைப் பகுப்பாய்வைத் தனி எக்செல் தாளில் வைத்து, அந்த எண் வழியாக அளவையும் விலையையும் சேர்ப்பதே தொடக்கநிலையினருக்குப் பாதுகாப்பானது. மாதிரிக்குள்ளேயே விலையை எழுதினால், விலை மாறும் ஒவ்வொரு முறையும் வடிவமைப்பாளரின் கோப்பைத் தொட வேண்டியிருக்கும்.

இங்கே தளம் பிரிப்பதில் கவனம் வேண்டும். தரைத்தளக் கட்டுக்கும் முதல் தளக் கட்டுக்கும் விலை வேறு. நான் சரிபார்த்த ஒரு மாதிரியில், வெளிச்சுவர்கள் தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை ஒரே சுவராக இழுக்கப்பட்டிருந்தன. படத்தில் பார்க்க அழகாகவே இருந்தது, ஆனால் அட்டவணை முழுக் கன அளவையும் தரைத்தளத்தில் போட்டுவிட்டது. சுவர்களைத் தளவாரியாக வெட்டித் தரச் சொல்லி வடிவமைப்பாளரிடம் திருப்பி அனுப்பினோம். வேலை தொடங்கும் முன்பே, எந்தப் பொருள் எந்த அளவு விவரத்தோடு, எந்தத் தளத்தோடு இணைத்து வரையப்பட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொண்டால் இந்த அலைச்சல் இராது.

ஏழாம் படி: பழைய அட்டவணையை அழிக்காதீர்கள்

ஒவ்வொரு முறை மாதிரி திருத்தப்பட்டு வரும்போதும், கோப்பின் தேதியையும் திருத்த எண்ணையும் பெயரில் சேர்த்து அட்டவணையைத் தனியாகச் சேமியுங்கள். பழையதையும் புதியதையும் எக்செலில் அருகருகே வைத்து, மாறிய வரிகளுக்கு மட்டும் நிறமிடுங்கள். கட்டடக் கலைஞர் இரண்டு சன்னல்களை மாற்றினேன் என்று சொல்லியிருக்க, நிறமிட்ட வரிகள் பதினான்கு இருந்தால், மற்றப் பன்னிரண்டைப் பற்றி அன்றே தொலைபேசியில் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அந்தந்த வரிக்கு எதிரே தேதியோடு எழுதி வையுங்கள்.