பூனையின் வாய்ப்புண்: வீட்டில் நாம் செய்கிற தவறுகள்

எங்கள் ராசுவின் வாய் நாற ஆரம்பித்தபோது பழியைக் கருவாட்டின் மேல் போட்டோம். கோத்தகிரியில் வாங்கி வரும் நெத்திலிக் கருவாட்டின் தலைகள் எல்லாம் அவனுக்குத்தான் போகும். "கருவாடு தின்னா வாய் மணக்கவா செய்யும்?" என்று வீட்டில் சொன்னதோடு பேச்சு முடிந்தது. கருவாட்டை நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் நாற்றம் போகவில்லை. அப்போதே வாயைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

சாப்பிட்ட வாசனை கொஞ்ச நேரத்தில் போய்விடும். நாள் முழுக்க அடிக்கிற அழுகல் வாடை ஈற்றிலிருந்தோ பல்லிலிருந்தோ வருவது. நான்கு வயதைத் தாண்டிய பூனைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பல் நோயோ ஈறு நோயோ இருக்கிறது. வயதான பூனையின் வாயில் மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டாலும் வாயில் புண் வரும்.

"சாப்பிடுதே, அப்புறம் என்ன?"

நான் பார்த்த வரையில் எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு இது. பூனை வலியை வெளியில் காட்டாது. வலியோடுதான் சாப்பிடும். எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். ராசு கிண்ணத்தைக் கண்டதும் ஓடி வருவான். ஒரு வாய் கவ்வுவான். தலையை இடது பக்கம் சாய்த்து மெல்லப் பார்ப்பான். தீனி பாதி வாயிலிருந்து கீழே விழும். உடனே கிண்ணத்தைப் பார்த்து ஒரு சீறல். இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொள்வான். கிண்ணம்தான் தன்னைக் கடித்தது என்று நினைத்திருப்பான் போல. நாங்களோ, "கொழுப்பு ஏறிப்போச்சு, வேற பிராண்டு கேக்கறான்" என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

முதுகு ரோமம் சடை பிடிக்க ஆரம்பித்ததையும் நாங்கள் மழைக்காலத்து ஈரத்தின் கணக்கில் எழுதினோம். நாக்கு வலித்தால் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். மெல்லாமல் முழுங்குவது, உலர் தீனியை ஒதுக்கிவிட்டு ஈரத் தீனியை மட்டும் தொடுவது, ஜொள்ளு வடிவது, கொட்டாவி விடும்போது கத்துவது எல்லாம் இதே வகைதான்.

வாயைப் பார்ப்பதிலும் ஒரு தவறு உண்டு. இரண்டு தாடையையும் பிடித்துப் பிளக்கப் போவோம். பூனை பிறாண்டும், அடுத்த முறை ஆளைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். மடியில் இருக்கும்போது பின்னாலிருந்து, கட்டைவிரலால் மேல் உதட்டின் ஓரத்தை மட்டும் தூக்கினால் போதும். நல்ல ஈறு வெளிர் ரோஜா நிறம். பல்லை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு ஓடினால் வீக்கம் தொடங்கியிருக்கிறது. பல்லின் அடியில், ஈறு மேலேறி வந்தது போல ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் அது பல் கரையும் நோயாக இருக்கலாம். பூனையின் உடம்பே தன் பல்லைக் கரைக்கிற நோய் இது. பூனைகளுக்கு மிகவும் சாதாரணம். அந்த இடத்தைத் தொட்டால் மயக்கத்தில் இருக்கும்போதுகூடத் தாடை படபடவென்று அடிக்கும். அவ்வளவு வலி.

வாயைத் தொடாமல் இருக்க வேண்டிய நேரமும் உண்டு. வெளியில் சுற்றும் பூனை திடீரென்று ஜொள்ளு வடித்து, முழுங்க முடியாமல், குணம் மாறி நடந்துகொண்டால் பல்வலி என்று கையை விட வேண்டாம். வெறிநோயும் இப்படித்தான் தொடங்கும். கடித்துவிட்டாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தைலப் புட்டி

இந்த மலையில் தலைவலி, ஜலதோஷம், மூட்டு வலி எல்லாவற்றுக்கும் ஒரே பதில் நீலகிரித் தைலம். ஊட்டியோ குன்னூரோ, நாலு கடைக்கு ஒரு தைலக் கடை. ஆகவே பூனைக்கும் அது வந்து சேர்வதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்து வீட்டம்மா, "பஞ்சுல ஒரு சொட்டு நனைச்சு கன்னத்துல தடவு தம்பி, வலி இழுத்துக்கும்" என்றார். நல்ல மனசு. ஆனால் தைலம் பூனைக்கு விஷம். கன்னத்தில் தடவினாலும் காலால் துடைத்து நக்கி உள்ளே அனுப்பிவிடும். கிராம்பு எண்ணெயும் அப்படியே. நமக்குப் பல்வலிக்குக் கை கண்ட மருந்து, பூனைக்குக் கல்லீரலைக் கெடுக்கிற மருந்து.

ஏன் என்றால், இந்த மாதிரிப் பொருள்களை மாற்றி உடம்பை விட்டு வெளியேற்றும் ஒரு நொதி நம் கல்லீரலில் தாராளமாக இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அது மிகக் குறைவு. பாராசிட்டமால் விஷயத்திலும் கதை இதுதான். குழந்தைக்குக் கொடுக்கும் மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே 4 கிலோ பூனையைக் கொன்றுவிடலாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதமும் வீங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அடையாளம் தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். முறிமருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். இப்யூபுரூபன், டைக்குளோபினாக் பக்கமும் போக வேண்டாம். மெலாக்சிகாம் பூனைக்கும் கொடுக்கிற மருந்துதான், ஆனால் அளவு துளிக்கணக்கு. மனித மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் சிறுநீரகம் போகும்.

நம் பற்பசையும் வேண்டாம். பூனைக்குத் துப்பத் தெரியாது, ஃப்ளூரைடும் நுரையும் வயிற்றுக்குள்தான் போகும். மஞ்சள் குழைத்துப் பூசுவதால் வாய் மஞ்சளாகும், அவ்வளவுதான்.

ஸ்வெட்டர் பின்னுகிற வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூனை வாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, பார்த்தால் நாக்கினடியில் கம்பளி நூல் சுற்றியிருக்கிறது என்றால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலுக்குள் இருக்கலாம். இழுத்தால் நூல் குடலை அறுக்கும்.

மாதம் ஒரு ஊசி

கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். ஊசி போட்டார்கள். மறுநாளே ராசு பழைய ராசு. நான்கு வாரம் கழித்து மறுபடி ஜொள்ளு, மறுபடி ஊசி. இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். மாடும் ஆடும் வரிசையில் நிற்கிற இடம், பல் எக்ஸ்ரே எடுக்கும் வசதியும் அங்கே இல்லை. "ஏன் திரும்பத் திரும்ப வருது?" என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஊசியில் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் இருக்கும். வீக்கம் வடியும், காரணம் பல்வேரில் அப்படியே இருக்கும். ஸ்டீராய்டு தொடர்ந்தால் சில பூனைகளுக்குச் சர்க்கரை நோய் வருகிறது. ஸ்டீராய்டு ஓடும்போது மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண் வரும். அதனால் புது மருத்துவரிடம் போனால் பழைய சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வெறும் மாத்திரையாக விழுங்க வைக்க வேண்டாம். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பின்னாலேயே ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக.

ராசுவுக்கு இருந்தது, வாயின் பின்பக்கம் தொண்டை வரை சிவந்து புண்ணாகிற நாள்பட்ட வாய் அழற்சி. பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்துக்கு எதிராக உடம்பு அளவுக்கு மீறிச் சண்டை போடுகிற நோய். பூனைகளுக்குச் சளி கொண்டுவரும் கேலிசி வைரஸுக்கும் இதில் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கிற எஃப்ஐவி, எஃப்இஎல்வி என்ற இரண்டு வைரஸ்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், தவிர்க்காமல் செய்துவிடுங்கள்.

இதற்கு இன்றைக்கு முதன்மையான சிகிச்சை பல்லைப் பிடுங்குவது. ஒன்றிரண்டு அல்ல, கடைவாய்ப் பக்கம் இருக்கும் 14 பல்லும். சில பூனைகளுக்கு மொத்தம் 30-ம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பல்லைப் பிடுங்கினா எப்படிச் சாப்பிடும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், அதைக் கேட்டே தள்ளிப் போடுகிறார்கள். பூனை நம்மைப் போல அரைத்துத் தின்பதில்லை. தாடைப் பல் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும், மிச்சம் முழுங்கல். வலிக்கிற பல்லோடு சாப்பிடுவதைவிடப் பல் இல்லாமல் சாப்பிடுவது அதற்குச் சுலபம். மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் இதன் பிறகு நன்றாகத் தேறுகின்றன. மிச்சப் பூனைகளுக்கு மருந்து தொடர வேண்டியிருக்கும். பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம், மூன்றாவது வாரத்தில் மனம் விட்டுவிட வேண்டாம்.

உடைந்த வேர்த்துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் அழற்சி நிற்காது. அதனால்தான் பிடுங்கும் முன்னும் பின்னும் எக்ஸ்ரே. அந்த வசதி தேடி மலையை விட்டுக் கீழே போக வேண்டியிருக்கிறது, எங்களுக்குக் கோவை. கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை கிட்டே. மயக்க மருந்து இல்லாமலே பல் சுத்தம் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசை மிச்சப்படுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் பற்காரை மட்டும் போகும். நோய் இருப்பது ஈற்றுக்கு அடியில். வயதான பூனையின் வாயில் ஒரே பக்கம் கட்டி, அங்கே மட்டும் பல் ஆட்டம் என்றால் புற்றுநோயா என்று பார்க்காமல் பல்லை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள்.

கீழே போகிற நாளில் நாங்கள் செய்த தவறு, அட்டைப் பெட்டி. மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுகளில் ராசு வாந்தியெடுத்து, நனைந்த அட்டையைக் கிழித்துக்கொண்டு என் கழுத்தில் ஏறிவிட்டான். கம்பிக் கதவு வைத்த கூடை வாங்கி, மேலே துணியைப் போர்த்திக்கொண்டு போங்கள். பயணத்துக்கு முன் கொடுக்க மருந்தும் உண்டு, மருத்துவரிடம் கேட்கலாம்.

குளிரும் கிண்ணமும்

"பசிச்சா தானா சாப்பிடும்" என்று விடுவது நாய்க்குச் சரியாக இருக்கலாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே போன் போட்டுவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் எங்கள் ஊரில் வெளியே வைத்த தீனி பத்து நிமிடத்தில் விறைத்துப் போகும். புண் வாய்க்குச் சில்லென்ற சாப்பாடு கொடுமை. வெந்நீரில் கிண்ணத்தை வைத்துக் கை பொறுக்கும் சூட்டில் கொடுத்தால் வாசனையும் எழும், தானே வரும். மயக்கம் தெளிந்து வீடு திரும்பும் பூனைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மூடிய அறையில் கரிக் கணப்பு வேண்டாம், அந்தப் புகை நமக்கும் ஆகாது.

பல் தேய்த்துவிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் புண் இருக்கும்போது தொடங்கக் கூடாது. பிரஷ் என்றாலே வலி என்று மனதில் பதிந்துவிடும். குட்டியாக இருக்கும்போதோ, சிகிச்சை முடிந்து வாய் ஆறிய பிறகோ, பூனைக்கென்று விற்கும் பேஸ்டை விரலில் தொட்டு வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். சாதாரண உலர் தீனி பல்லைச் சுத்தம் செய்யும் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், கடித்ததும் பொடிந்துவிடும். வேகவைத்த எலும்பு பல்லை உடைக்கும்.

எடையைப் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு இளைப்பது தெரியாது. இப்போது மாதம் ஒருமுறை ராசுவைக் கூடையோடு கீழ்த்தெருக் காய்கறிக் கடைக்குத் தூக்கிப் போகிறேன். கேரட் நிறுக்கிற தராசில் வைத்து, கூடை எடையைக் கழித்துக் காலண்டரில் எழுதிக்கொள்கிறேன். ஆபரேஷனுக்கு முன் 3.4 கிலோ; போன மாதம் 4.3. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கிலோ என்ன விலை என்று கேட்கிறார்.