ஸ்பிரின்ட் வீராங்கனையின் கெரியரை எடை போடுவது எப்படி

இரண்டு வீராங்கனைகளில் யார் பெரியவர் என்று வாக்குவாதம் வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது பெர்சனல் பெஸ்டை, அதாவது வாழ்நாளின் சிறந்த நேரத்தைத்தான். நீங்கள் அதைக் கடைசியில் பாருங்கள். பதினைந்து வருடம் ஓடியவரின் ஒரே ஒரு நல்ல நாளைத்தான் அந்த எண் சொல்லும்.

முதலில் காற்று. 100 மீட்டர், 200 மீட்டர் முடிவுகளில் நேரத்துக்குப் பக்கத்தில் பிளஸ்ஸோ மைனஸோ போட்டு ஒரு சின்ன எண் இருக்கும், அதுதான் நொடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் காற்று வீசியது என்ற கணக்கு. பிளஸ் என்றால் பின்னாலிருந்து தள்ளுகிற காற்று, +2.0-ஐத் தாண்டிவிட்டால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. முழு இரண்டு மீட்டர் காற்று 100 மீட்டரில் சுமார் பத்தில் ஒரு நொடியை மிச்சப்படுத்திக் கொடுக்கும், இந்த மட்டத்தில் அது தங்கத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள தூரம். ஜமைக்காவின் எலைன் தாம்சன்-ஹெரா 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூஜீனில் 100 மீட்டரை 10.54 நொடியில் ஓடினார், காற்று +0.9. அதற்கு மூன்று வாரம் முன்னால் டோக்கியோ ஒலிம்பிக் ஃபைனலில் 10.61, அங்கே காற்று எதிரே, -0.6. என்னைக் கேட்டால் டோக்கியோ ஓட்டம்தான் உசத்தி.

காற்றுமானி காட்டுவதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ளாரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988-ல் இண்டியானாபோலிஸில் காலிறுதியில் ஓடிய 10.49-க்குக் காற்று 0.0 என்று பதிவாகியிருக்கிறது, ஆனால் அதே சமயம் அதே மைதானத்தில் நடந்த டிரிபிள் ஜம்ப்பில் 4.3 என்று காட்டியது. உலக சாதனை இன்றும் அதுதான், சரி. ஆனால் அவரை மற்றவர்களோடு ஒப்பிடும்போது, மறுநாள் ஃபைனலில் +1.2 காற்றில் ஓடிய 10.61-ஐத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து எந்தச் சுற்று என்று பாருங்கள். ஹீட்ஸில், அதாவது ஆரம்பச் சுற்றில், பலரும் கடைசி இருபது மீட்டரில் காலைத் தளர்த்திவிடுவார்கள், அந்த நேரத்தை வைத்து ஃபார்ம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. முடிவுகளில் பெரிய க்யூ எழுத்து (Q) போட்டிருந்தால் இடத்தைப் பிடித்துத் தகுதி பெற்றவர், சின்ன க்யூ (q) என்றால் நேரத்தின் தயவில் உள்ளே வந்தவர். 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சன் செமியில் மூன்றாவதாக வந்து, சின்ன க்யூவில் நுழைந்து, ஓரத்தில் ஒன்பதாவது லேனில் ஓடி 10.65-ல் தங்கம் வாங்கினார்.

அப்புறம் ஒரு தாளில் வருடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: அந்த வருடத்தின் சிறந்த நேரம், பெரிய போட்டியில் எத்தனாவது இடம். ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைசுக்கு எழுதிப் பார்த்தால் விஷயம் புரியும். 2008-ல் 10.78, 2012-ல் 10.70, இரண்டு வருடமும் ஒலிம்பிக் தங்கம். 2016-ல் கால்விரல் காயத்தோடு 10.86, வெண்கலம். 2017 காலி. அதோடு முடிந்தார் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அந்த வருடம் அவருக்குக் குழந்தை பிறந்தது. 2019-ல் தோஹாவில் 10.71, மறுபடி உலக சாம்பியன். 2021-ல் 10.60, வாழ்நாளின் சிறந்த நேரம். 2022-ல் 35 வயதில் 10.62, ஐந்தாவது உலக 100 மீட்டர் பட்டம். பெண்களின் கெரியரில் ஒரு வெற்று வருடம் வந்தால் உடனே சரிவு என்று எழுதிவிடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

இங்கே ஒரு விஷயம், அந்தச் சமயத்தில் ஓடுவதற்கான ஆணி வைத்த ஸ்பைக் ஷூக்களும் மாறிவிட்டன, புது வகை நுரையும் விறைப்பான தகடும் வந்துவிட்டன. அதனால் 2009-ன் நேரத்தையும் 2021-ன் நேரத்தையும் நேருக்கு நேர் வைக்காமல், அந்தந்த வருடம் கூட ஓடியவர்களில் அவர் எங்கே நின்றார் என்று பார்ப்பதே நியாயம்.

பதக்கத்தை எண்ணும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ரிலேவில் ஹீட்ஸ் மட்டும் ஓடியவருக்கும் பதக்கம் உண்டு. 1993 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸ், ஜமைக்காவின் மெர்லீன் ஆட்டி இருவருக்கும் 10.82 என்றுதான் பலகையில் வந்தது, ஃபோட்டோ ஃபினிஷில் 10.811, 10.812 என்று பிரித்து டெவர்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் வெள்ளியானவரை தோற்றவர் என்று எப்படிச் சொல்வது?

பழைய பட்டியலை வைத்து எண்ணினால் கணக்கே தப்பும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கிய அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டதால் 2007-ல் பதக்கம் பறிபோனது. அந்தத் தங்கத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆனால் அன்று 40 வயதில் நான்காவதாக வந்த ஆட்டிக்கு 2009-ல் வெண்கலம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் அவருக்கு எட்டு ஒலிம்பிக் பதக்கம்தான் இருக்கும், ஒன்பது என்பதே சரி.