பழைய வீடு வாங்குறவங்க ஷெட்டை காலி பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆஸ்திரேலியாவுக்குப் புதுசா வர்றவங்க மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு), டேக்ஸ் ஃபைல் நம்பர், லைசென்ஸ் மாத்துறது பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு, வந்த உடனே முடிச்சுடுங்க. இது விக்டோரியா மாநிலத்துப் பக்கம் சின்ன டவுன்ல பழைய மரவீடு வாங்குறவங்களுக்கு.

என் ஃப்ரெண்ட் அப்படி ஒண்ணு வாங்கினான். பின்னாடி ஷெட்ல பழைய குழாய், பித்தளை சாமானோட ரெண்டு வட்ட வெண்கலத் தகடு கெடந்துச்சு, உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசு, ஒரு பொம்பள உருவம், பக்கத்துல சிங்கம், ஒரு பேரு, ரெண்டுலயும் ஒரே குடும்பப் பேரு. நம்ம ஊர் பழக்கம், மொத்தமா எடைக்குப் போட்டுட்டான். அப்புறம் பக்கத்து வீட்டு பாட்டி வந்து, ஷெட்ல எங்கம்மாவோட அண்ணனுங்க தகடு ரெண்டு இருக்குமேன்னு கேக்குறாங்க. கடைக்கு ஓடினா, சரக்கு எப்பவோ போயாச்சு. அவங்கம்மா துடைச்சு துடைச்சு ஒண்ணுல சிங்கத்தோட மூஞ்சியே மழுங்கிப் போச்சாம். வீட்ட வித்த ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

முதல் உலகப்போர்ல செத்தவங்க குடும்பத்துக்கு அரசாங்கம் அனுப்பினது அது, இங்க டெட் மேன்ஸ் பென்னின்னு, அதாவது செத்தவன் காசுன்னு சொல்வாங்க. ரேங்க் இருக்காது, அதிகாரியோ சிப்பாயோ வெறும் பேருதான். அப்போ 50 லட்சம் பேர்கூட இல்லாத ஆஸ்திரேலியாவுல 60,000 பேருக்கு மேல செத்தாங்க. யாரையும் கட்டாயப்படுத்தி கப்பல் ஏத்தல, 1916லயும் 1917லயும் ஓட்டெடுப்பு வெச்சப்ப ஜனங்க வேணாம்னுட்டாங்க, போனதெல்லாம் தானா பேர் குடுத்த பசங்க, 21 வயசு ஆகலைன்னா அப்பா அம்மா சம்மதம் எழுதித் தரணும். உடம்பையும் ஊருக்குக் கொண்டு வரல, துருக்கில இருக்குற கல்லிபோலி, பிரான்ஸ், பெல்ஜியம்னு அங்கங்கயே புதைச்சுட்டாங்க. புள்ள மூஞ்சிய கடைசியா பாக்காத அம்மாவுக்கு கையில வந்தது இந்தத் தகடுதான். மாலை போட்ட தாத்தா போட்டோவ நாம எடைக்குப் போடுவோமா?

அந்த மாதிரி தகடு, மெடல், பட்டாள லெட்டர் எது கெடைச்சாலும் பாலிஷ் போடாதீங்க, ஈபேல ஏத்தாதீங்க. பேர நேஷனல் ஆர்கைவ்ஸ் (ஆஸ்திரேலிய அரசு ஆவணக் காப்பகம்) சைட்ல தேடுங்க, அந்தப் போர்க்காலத்து ஃபைல் எல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா வெச்சிருக்காங்க, வீட்டு விலாசம், சிலதுல பெத்தவங்க எழுதின லெட்டர்கூட இருக்கும். சொந்தக்காரங்கள கண்டுபிடிக்க முடியலைன்னா உள்ளூர் ஆர்எஸ்எல்ல (முன்னாள் படைவீரர் சங்கம்) கேளுங்க. செட்டில்மென்ட் முடிஞ்சு வீடு கைக்கு வந்ததும் ரப்பிஷ் எடுக்குற ஆள கூப்பிடாம, முதல்ல நீங்களே டார்ச் எடுத்துட்டுப் போய் ஷெட்டப் பாருங்க, பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.